இலவசமாகக் கேட்பது

காது கேட்காமல் போன பிறகு சபாபதிக்கு எல்லாமே கைபேசிதான். எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் செயலி அதில் இருந்தது. பெரிய நிறுவனம் ஒன்று இலவசமாகக் கொடுப்பது. எழுத்துகள் சற்று நேரத்தில் திரையிலிருந்து அழிந்துவிடும்.

கணவனிடம் திரும்பிப் போவதில்லை என்ற முடிவோடு வந்திருந்த மகள் இன்பவல்லி, அதைச் சமையலறையில் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"அப்பாகிட்ட இப்பச் சொல்லாத. அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகி மூணு மாசந்தான் ஆவுது" என்றாள் அம்மா.

சபாபதியின் கைபேசி அங்கேதான் சார்ஜில் கிடந்தது. செயலியை அவர் அணைப்பதே இல்லை.

மறுநாள் காலை அவர் கைபேசியோடு மகளிடம் வந்தார். செயலியின் அடியில் ஒரு விளம்பரம்: 'விவாகரத்தா? முதல் ஆலோசனை இலவசம்.'

"நேத்துலேருந்து இதுவே வருது. யாருக்கும்மா?"

அம்மா கைபேசியை அணைக்கக் கை நீட்டினாள்.

"அணைச்சுட்டா அப்பாவுக்கு எப்படிம்மா சொல்றது?" என்றாள் இன்பவல்லி.

அதுவும் எழுத்தாகத் திரையில் ஓடியது. அப்பா படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியை மகளின் வாய்க்கருகே பிடித்தார்.