எட்டாயிரம் வருஷத்து ஒப்பாரி

தன் மனைவி லீனாவின் சாவுக்கான ஒரு நட்சத்திரத்தின் அழுகை எட்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிளம்பிவிட்டது என்கிறார் ஹிஸ்கியா. கோமாஸ் மேட்டில் விடிகிறது. வெயில் பட்டால் நமீபியாவையே பொசுக்கிவிடும் என்று அவர் கதையளக்கும் தொலைநோக்கிக் கண்ணாடிகள் முனகிக்கொண்டே தலைகுனிகின்றன. தொலைநோக்கித் திரை முன் ராத்திரி வேலை முடித்த துவாவுன்ஜா காபியில் ரஸ்க்கைத் தோய்க்கிறாள். "அது ரெட்டை நட்சத்திரம் மாமா. ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுட்டு மிச்சத்தைப் பீய்ச்சியடிக்குது. அழுகையாம் அழுகை." "என் வீட்லயும் அதேதான். அவ என்னைத் தின்னா, நான் கத்தினேன்." சிரிக்கிறார். லீனாவுக்கென்று பழக்கத்தில் ஊற்றிவிட்ட இரண்டாவது கோப்பையை மேசையில் வைக்கிறார். "போன செவ்வாய், இதே விடியல்ல போனா. நான் இங்க தொலைநோக்கிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கிட்டிருந்தேன். அவகூட யாருமில்ல. நீதானே திரையைப் பார்த்துட்டிருந்தே, அந்த அழுகையாவது வந்துச்சா?" ரஸ்க் உடைந்து காபிக்குள் விழுகிறது. அவள் அதை எடுக்கவில்லை, அந்த இரண்டாவது கோப்பையையே பார்க்கிறாள். "அந்த நட்சத்திரத்துலேர்ந்து காமா கதிர் கொட்டுச்சு மாமா," என்கிறாள் மெதுவாக. "கருவி கெட்டுப்போச்சோன்னு திரும்பத் திரும்பப் பார்த்தேன். கெடலை. அதே நேரம்தான். வந்துச்சு."