பந்தைப் பிடித்தவன்

"ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்த கோரி?"

ப்ரெண்டா டி.வி.யை அணைத்து ரிமோட்டை வீசிய வேகத்தில் அது சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அவள் கணவன் லார்ஸ் குனிந்து அதைத் தேடி எடுத்தான். காலையிலிருந்து அந்த ஒரு உதையைத்தான் எல்லா சேனலும் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தன.

முப்பத்தொரு கஜம். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் உள்ளே போகிற தூரம். ஆட்டம் முடிய நாலே விநாடி. அமெரிக்கக் கால்பந்தில் லார்ஸ் ஆடும் ஒமாஹா அணி இரண்டு புள்ளி பின்னால். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே பந்து போயிருந்தால் மூன்று புள்ளி, வெற்றி.

முன்னால் நிற்பவன் பின்பக்கமாக வீசும் பந்தைப் பிடித்துத் தரையில் நிறுத்துவது கோரியின் வேலை. ஓடி வந்து உதைப்பது லார்ஸின் வேலை. அன்றைக்குப் பந்து கோரியின் விரலில் வழுக்கிச் சாய்ந்தது. லார்ஸ் ஓடி வந்தாயிற்று, இனி நிற்க முடியாது. பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது. அறுபதாயிரம் பேர் ஊளையிட்டார்கள்.

மைக்கை நீட்டியவர்களிடம் லார்ஸ் சொன்னது இதுதான்: "பந்தை அவன் சரியாத்தான் வச்சான். தப்பா உதைச்சது நான்."

நாலடி தள்ளி உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கோரி, தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு லார்ஸை அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

"மூணு வருஷம் என் கையால சாப்பிட்டவன்! ஒரு போனாவது வந்துச்சா?" ப்ரெண்டா பொருமினாள். "அவனைப் போய் நீ ஏன் காப்பாத்துற?"

"யாரையும் காப்பாத்தல. சாஞ்ச பந்தையும் உள்ள அனுப்புறவன்தான் கிக்கர்."

"நல்லா வாய் பேசு! கராஜ் கதவுல பெயின்ட்ல என்ன எழுதியிருக்காங்கன்னு போய்ப் பாரு."

அந்த மாதமே சொந்த ஊரான டுலூத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

லார்ஸுக்கு மரக்கடையில் வேலை கிடைத்தது. மதியம் மூன்று மணிக்குக் கடையை விட்டால் நேரே பள்ளி மைதானம். தினமும் அறுபது உதை. இருபது, பந்தை நேராக நிறுத்தி. நாற்பது, வேண்டுமென்றே சாய்த்து வைத்து. பனி விழுந்த நாளில் முதலில் மண்வெட்டியால் பனியை ஒதுக்குவான், பிறகு உதைப்பான். ப்ரெண்டா மூக்கு வரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குவாள். கோரியைத் திட்டிக்கொண்டேதான்.

ஐந்து அணிகள் சோதனைக்குக் கூப்பிட்டன. ஐந்திலும் "சொல்லியனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை.

"வயசு முப்பத்தொண்ணு ஆயிடுச்சு லார்ஸ். விட்டுடலாமே?" என்றாள் ஒருநாள்.

"என் கால் இன்னும் அப்படிச் சொல்லலையே" என்றபடி அடுத்த பந்தைச் சாய்த்து வைத்தான்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை டொலிடோ அணியிலிருந்து போன் வந்தது. மறுநாளே வரச் சொன்னார்கள்.

மைதானத்தில் இன்னும் இரண்டு கிக்கர்கள் காத்திருந்தார்கள். இருவருமே இருபத்து மூன்று தாண்டாதவர்கள். ஆனால் லார்ஸின் பார்வை அவர்கள் மேல் நிற்கவில்லை. பந்து பிடிப்பதற்காகப் புல்லில் மண்டியிட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் சட்டென்று நின்றான். ஓரமாக ஒதுங்கி ப்ரெண்டாவுக்குப் போன் போட்டான்.

"கோரி இங்க இருக்கான். அவன்தான் பந்து பிடிக்கிறான்."

ப்ரெண்டா குரலை உயர்த்தினாள்.

"கிளம்பி வந்துடு. மறுபடியும் உன்னைக் கவுத்துடுவான்."

"வந்த வேலைய முடிச்சுட்டு வரேன்."

லார்ஸ் அருகே வந்ததும் கோரி நிமிர்ந்து பார்த்தான். "லார்ஸ்... நான்..."

"பந்தை வை."

முப்பத்து மூன்று கஜம். உள்ளே. நாற்பது. உள்ளே. பயிற்சியாளர் ஹாலோவே ஒவ்வொரு உதைக்கும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஏரிப் பக்கமிருந்து காற்று முகத்தில் அறைந்தது. பதினோராவது உதை, ஐம்பத்து நாலு கஜம். இளைஞர்கள் இருவருமே தவறவிட்ட தூரம். லார்ஸ் ஓடி வந்து உதைத்தான். பந்து இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவில் பாய்ந்தது.

அறைக்குக் கூட்டிப்போய் ஹாலோவே ஒப்பந்தத்தை நீட்டினார். லார்ஸ் பேனாவைத் திறந்துவிட்டுத் தயங்கினான்.

"ஒண்ணு கேக்கணும் கோச். பந்து பிடிக்க வேற ஆள் போட முடியுமா?"

ஹாலோவே நாற்காலியில் சாய்ந்து அவனைக் கூர்ந்து பார்த்தார். "அவனை ஒமாஹாவுலேர்ந்து ஏன் அனுப்பினாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. அந்த டீம் பேச்சையே நான் காதுல வாங்குறதில்ல."

"உன்னை அனுப்பின அன்னிக்கே ஹெட் கோச் ரூமுக்குள்ள போயிருக்கான். 'தப்பு என் விரல்ல. அவனை அனுப்பினா என்னையும் அனுப்புங்க'ன்னு எல்லார் முன்னாலயும் கத்தியிருக்கான். சீசன் முடிஞ்சதும் அனுப்பிட்டாங்க."

லார்ஸ் தலையை நிமிர்த்தினான். "எனக்கு... ஒரு போன்கூடப் பண்ணலையே?"

"மைக் முன்னாடி அன்னிக்கு வாய் திறக்கலையே, அந்த வெக்கம்தான். இங்க சேரும்போது எங்கிட்ட அவன் போட்டது ஒரே ஒரு நிபந்தனை" என்றார் ஹாலோவே. "'என்னிக்காவது கிக்கர் தேவைப்பட்டா, முதல் போன் டுலூத்துக்குப் போகணும்.'"