ஒரு பேச்சுக்கு

"ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம் சார். ஒருத்தன் கை தவறி, டேட்டாபேஸ்ல பேஷன்ட் டேபிளையே மொத்தமா அழிச்சுட்டான். நீங்க என்ன பண்ணுவீங்க?"

கேட்டவர் மேனேஜர் கபாலி. தி. நகரில் மூன்று மாடி ரத்தப் பரிசோதனை நிலையம் அது. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நேற்று மாலைதான் விளம்பரம் வந்தது, இன்று காலையே இண்டர்வியூ.

எதிரே டெரன்ஸ். வயது நாற்பத்தேழு, வேலை போய்ப் பத்து மாதம், இது பதினான்காவது இண்டர்வியூ. காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்த மனைவி லிண்டா, "இதுவாவது..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"மொதல்ல யாரும் எதையும் தொடக் கூடாது சார். பதட்டத்துல ஆளாளுக்கு நோண்டித்தான் இருக்கிறதும் கெட்டுப்போகும்," என்றார் டெரன்ஸ். "இருக்கிறதை அப்படியே ஒரு காப்பி எடுத்து வச்சுடணும். கடைசியா எடுத்த ஃபுல் பேக்கப்பை, ஓடுற சர்வர்ல போடாம வேற மெஷின்ல போடணும்."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் நடந்த மாத்தமெல்லாம் பதிவாகியிருக்கிற லாக் பேக்கப்பை எல்லாம் ஒண்ணு விடாம வரிசையா ஏத்தணும். அழிச்ச நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நிறுத்திடணும். எத்தனை மணிக்கு அழிச்சான்?"

"பதினொன்னு இருபது," என்று சட்டென்று பதில் வந்தது. மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஆபீஸ் பெண் ஷ்ரேயா சொன்னாள்.

அடேயப்பா, கற்பனைக் கேள்விக்குக்கூட மணி குறித்து வைத்திருக்கிறார்களே! டெரன்ஸுக்கு அந்த இடத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

"அப்ப பதினொன்னு பத்தொன்பதோட நிறுத்துங்க," என்றார். ஷ்ரேயா மடமடவென்று தட்டிக்கொண்டாள். தன் பதில்களைக் குறித்துக்கொள்கிறாள் என்று நினைத்து, டெரன்ஸ் இன்னும் நிதானமாக, ஒவ்வொரு கட்டளையாக, எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

இரண்டு மணி நேரம் ஓடியது. நடுவில் டீ வந்தது, சமோசா வந்தது. போன பதின்மூன்று இண்டர்வியூவில் ஒருவரும் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

"பேக்கப் எடுத்தா மட்டும் போதாது சார். மாசம் ஒருதரமாவது திருப்பிப் போட்டுப் பார்க்கணும். போட்டுப் பார்க்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான்."

"இப்படி எடுத்துச் சொல்ல எங்களுக்கு ஒரு ஆளில்லாமப் போச்சே சார்!" என்று கபாலி உருகினார். ஷ்ரேயா நிமிர்ந்து, கபாலியைப் பார்த்துத் தலையாட்டினாள். கபாலி எழுந்து வந்து டெரன்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார். கொஞ்சம் வெளிய இருங்க."

வெளியே இன்னும் மூன்று பேர் ஃபைலோடு காத்திருந்தார்கள். பின்னாலேயே வந்த ஷ்ரேயா அவர்களிடம், "நீங்க கெளம்பலாம் சார், இனிமே இண்டர்வியூ இல்ல," என்றாள். மூன்று பேரும் டெரன்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டார். "லிண்டா, கெடைச்சிடுச்சு!"

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. "நான் இப்பவே சாந்தோம் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடறேங்க."

அரை மணி நேரமாகியும் யாரும் கூப்பிடவில்லை. டெரன்ஸ் மெல்லக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "சார், நான் எப்ப ஜாயின் பண்ணணும்?"

"அட, நீங்க இன்னும் போகலியா?" கபாலி லேப்டாப் திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"இனிமே ஆள் எதுக்கு சார்? நேத்து அழிஞ்சதுதான் மொத்தமும் வந்துடுச்சே!"