பின் சக்கரத்து மணல்

“வண்டி பெட்ரோலைக் குடிக்கல, லத்து. குளிக்குது” என்றான் செமிசி.

லத்து சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தான். டோங்காவில், துறைமுகச் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவனுடைய மெக்கானிக் கடை.

“முன்ன லிட்டருக்குப் பதிமூணு கிலோமீட்டர் ஓடும். இப்ப எட்டு வந்தா பெரிசு. எவ்வளவு மிதிச்சாலும் இழுக்க மாட்டேங்குது.”

“நம்ம தீவுல மூச்சு வாங்குற மாதிரி ஒரு மேடுகூடக் கிடையாதே. எப்பலேர்ந்து இப்படி?”

“நான் இங்க இருந்தாத்தானே தெரியும்? பதினோரு மாசமா ஆஸ்திரேலியாவுல பழம் பறிச்சிட்டிருந்தேன். வந்து ஒன்பது நாள்தான் ஆச்சு. அதுவரைக்கும் வண்டி தங்கச்சி புருஷன் மொசேசேகிட்ட இருந்துச்சு.”

லத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோல் எங்கும் ஒழுகவில்லை. காற்று ஃபில்டரைத் தட்டினான். வெள்ளைத் தூசி பொலபொலவென்று கொட்டியது.

“இது பாதிக் காரணம்” என்று புதிதாக ஒன்று போட்டான். “வா, ஒரு ரவுண்டு போவோம்.”

நேர் ரோட்டில் வேகமாகப் போய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டான். தானாக உருண்டு போக வேண்டிய வண்டி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி நின்றுபோனது.

லத்து இறங்கிப் பின் சக்கரத்தைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தான்.

“கொதிக்குது. என்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. பாவம், பிரேக் பிடிச்சபடியே ஓடியிருக்கு.”

கடைக்குத் திரும்பிச் சக்கரத்தைக் கழற்றினான். பிரேக்கின் உள்ளே துருவும் வெள்ளை மணலும் அப்பிக்கிடந்தன. டிக்கியின் ஓரங்களிலும் மணல். பின் ஸ்பிரிங் அமுங்கிப்போயிருந்தது.

“உன் மாப்ள கடற்கரை வரைக்கும் வண்டியை இறக்கி மணல் ஏத்தியிருக்கான். ஒரு நடை ரெண்டு நடை இல்ல. ஸ்பிரிங்கைப் பாரு, எத்தனை மூட்டை தூக்கியிருக்குன்னு.”

செமிசியின் முகம் சுருங்கியது. தெற்குப் பக்கம் ஓட்டல் கட்டுகிறார்கள். மணலுக்கு அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான்.

பிரேக்கைச் சுத்தம் செய்ததும் வண்டி பழையபடி ஓடியது. செமிசி நேரே மொசேசே வீட்டுக்குப் போனான். மொசேசே வாசலில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தான்.

“வாங்க மச்சான். வண்டி சரியாயிடுச்சா?”

“அதை விடு. என் வண்டியில மணல் ஏத்தினியா?”

மொசேசே கத்தியைக் கீழே வைத்தான். “ஏத்தினேன்.”

“எத்தனை நடை?”

“ஞாபகமில்ல. நிறைய.”

“ஓட்டலுக்கு வித்தியா?”

“யாருக்கும் விக்கல, மச்சான்.”

“அப்ப என்ன மாப்ள, மணலுக்கு ஊரைச் சுத்திக் காட்டினியா?”

மொசேசே கிழங்குத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினான். சமையல் கொட்டகையிலிருந்து தங்கச்சி லோசாலி வெளியே வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புருஷன் அவளைப் பார்த்தான். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். கூடப் பிறந்தவளிடம் குரலை உயர்த்தும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் செமிசியின் கோபமெல்லாம் மொசேசே மேலேயே போனது.

“நான் அங்க வெயில்ல காயறேன். நீ இங்க என் வண்டியைக் கழுதையாக்கி வெச்சிருக்கே. நம்பிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இன்னொரு சாவி உங்கிட்ட இருக்குல்ல, எடு.”

மொசேசே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தான்.

“இனிமே என் வாசப்படி மிதிக்காதே.”

“சரி, மச்சான்.”

அந்தச் ‘சரி’ செமிசியை இன்னும் எரிச்சல்படுத்தியது.

சனிக்கிழமை காலை. கடைக்குக் கிளம்பிய செமிசி, ரோட்டில் மொசேசேயைப் பார்த்தான். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் இரண்டு சாக்கு மணல். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெள்ளை மணல் கிடைக்கிற கடற்கரை அங்கிருந்து நாலு கிலோமீட்டர். பத்தடிக்கு ஒருதரம் நின்று, உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு மறுபடி தள்ளினான்.

“வண்டியைப் பிடுங்கியும் புத்தி வரல. யாருக்குத்தான் கொண்டுபோறான், பாத்துடறேன்.”

வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனான்.

தள்ளுவண்டி ஓட்டல் கட்டும் பக்கம் திரும்பவில்லை. சர்ச்சைத் தாண்டி, தாழ்வான கல்லறைத் தோட்டத்துக்குள் போனது. அந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொரு கல்லறை மேலும் வெள்ளை மணலை மேடாகக் குவித்திருந்தார்கள். கடலைப் பார்த்த கடைசி வரிசையில் மட்டும் மேடுகள் கரைந்து கிடந்தன. அங்கேதான் மொசேசே நின்றான்.

செமிசி வண்டியை நிறுத்தினான். கண்ணாடி வழியாகவே பெயர்ப்பலகையைப் படித்தான். அவனுடைய அப்பா பெயர்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று அவன் குவீன்ஸ்லாந்தில் ஏணி மேல் நின்று ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தான். நடுவில் கிளம்பினால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகும், இன்றைக்கு நாளைக்கு என்று, இந்தப் பக்கம் அவன் வரவேயில்லை.

கடைசியில் இறங்கிப் போனான். மொசேசே மண்டியிட்டு, மணலைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு, தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

“கடல் பொங்குறப்பெல்லாம் மாமா மேல இருக்கிற மணலை அரிச்சிட்டுப் போயிடுது. என்னிக்காவது அண்ணன் பாக்க வர்றப்போ இங்க வெறும் பள்ளமா இருக்கக் கூடாதுன்னு லோசாலி சொன்னா, மச்சான்.”