மார்லீன் வரும் இடம்

கணவன் லைல் தினமும் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து ஒரே பழைய டிவி செய்தியைப் பார்ப்பது தெரிந்ததும், வெர்னா அவன் பின்னாலேயே கிளம்பி வந்துவிட்டாள். 1968-ல் நடந்த போர் எதிர்ப்பு ஊர்வலம் அது. அதில் அவனுடைய பழைய காதலி மார்லீன் இருந்தாள்.

"பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் அவளைப் பார்த்து ஜொள்ளு விடறியா?"

"கத்தாம உட்காரு, வெர்னா."

திரையில் போலீஸ் தடியைச் சுழற்றியது. மார்லீன் கூந்தல் பறக்க ஓடினாள். வெர்னா அவன் தோளை இடித்தாள்.

"அந்த முடியிலதானே மயங்கினே!"

லைல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். செய்தி நின்று விளம்பரம் வந்ததும் அவசரமாக அதை மாட்டிக்கொண்டான்.

பாத்திரம் கழுவும் சோப்பு விளம்பரம். முகமே தெரியாத இரண்டு கைகள் நுரைக்குள் ஒரு தட்டைத் தேய்த்தன.

"உன் கைதானே?" என்றான் லைல். "ஒரே ஒரு விளம்பரத்துல நடிச்சேன்னு சொல்வியே! செய்தியோட அதையும் சேர்த்துப் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க, பாரு. எவ்வளவு அழகு!"

வெர்னா மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களைக் கைப்பைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"அந்தச் சின்ன வயசுக்காரி கையைப் பார்த்தது போதும்," என்றாள் வெடுக்கென்று. "எழுந்து வந்து என் கையைப் பிடி. படி இறங்கணும்."