செப்பேட்டுக்கு ஒரு எக்ஸ்ரே

“பார்த்துப் படுக்க வைங்க கண்ணு. ரொம்ப வயசாச்சு, முதுகெல்லாம் பச்சை பூத்துக் கெடக்குது.”

அப்துல் குத்தூஸ் பதறினார். ரவிக்குமார் மெதுவாக எக்ஸ்ரே மேஜையில் கிடத்தினான். செங்கோட்டையனும் வேலுமணியும் ஆளுக்கொரு மூலையில் முகம் இறுகி நின்றார்கள்.

மேஜையில் கிடந்தது ஊர்க்கோயில் செப்பேடு. பம்பு வார்ப்படங்களில் விரிசல் உண்டா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பெருந்துறைத் தொழிற்சாலை அது. ரவிக்குமார் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன்.

கோயில் தேரைச் செய்து கொடுத்தவர் வம்சத்துக்கே பரிவட்டம் என்பது ஊர் வழக்கம். செய்து கொடுத்தது எங்கள் முப்பாட்டன்தான் என்று செங்கோட்டையன் வீட்டாரும் வேலுமணி வீட்டாரும் நின்றதில், தேர் ஓடிப் பல வருஷமாகிவிட்டது. பெயர் செப்பேட்டில் இருந்தது. ஆனால் அதைக் களிம்பு மூடியிருந்தது. சுரண்டினால் எழுத்தும் போய்விடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் குத்தூஸுக்குப் பழைய எழுத்து படிக்க வரும். எக்ஸ்ரே யோசனையும் அவருடையதுதான்.

“ஏனுங்க ராவுத்தரே, சரியாப் படிச்சுப்போடுவீங்களா?” என்றார் வேலுமணி.

“செத்தவங்க எழுதுனது எனக்கு நல்லா வருமுங்க. உசுரோட இருக்கறவங்க எழுதுன பஸ் போர்டைத் தப்பாப் படிச்சு, ஆர்.எஸ்.புரம் போறதுக்கு மதுக்கரையில எறங்குனவன் நான்.”

செங்கோட்டையன்கூடச் சிரித்துவிட்டார்.

ரவிக்குமார் ஃபிலிமைக் கழுவி விளக்குப் பெட்டியில் மாட்டினான். களிம்புக்கு அடியில் இருந்த எழுத்துகள் மெல்லிய கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. குத்தூஸ் விரல் வைத்து வாசித்தார்.

“குதிரை விற்ற பொன்னாலே இந்தத் தேரைச் செய்வித்த...”

“எங்க முப்பாட்டன் குதிரை வெச்சிருந்தாருங்க!” என்றார் செங்கோட்டையன்.

“குதிரை லாயம் எங்க ஊட்டுலதானுங்க இருந்துது!” என்று வேலுமணி பாய்ந்தார்.

குத்தூஸின் விரல் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதே வரியை மனதுக்குள் திரும்பப் படித்தார். தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

“என்னங்க சிரிக்கறீங்க?”

“பெரிய படிப்பாளின்னு நெஞ்சை நிமித்திட்டு வந்தேன். ஒண்ணாங்கிளாஸ் பையனாட்டம் எழுத்துக் கூட்டிட்டு நிக்கறேன், அதானுங்க.” தொண்டையைச் செருமினார். “ரெண்டு வீட்டாரும் சேந்துதான் தேர் செஞ்சிருக்கறாங்க. பரிவட்டத்தை வருஷம் மாத்தி வருஷம் கட்டிக்கச் சொல்லியிருக்குது.”

செங்கோட்டையன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“அப்ப... இந்த வருஷம் நீயே கட்டிக்க வேலு.”

வேலுமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் மாசியில் தேர் ஓடியது. மறுநாள் இருவரும் ஒரே காரில் கோவைக் கோட்டைமேட்டுக்கு வந்து, குத்தூஸ் வீட்டில் பழத்தட்டு வைத்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

குத்தூஸ் அந்த எக்ஸ்ரே ஃபிலிமை ஈரம் படாமல் உறையிலிட்டு அலமாரியில் வைப்பதை அவர் மனைவி சபுரா பார்த்தாள்.

“இன்னும் எதுக்குங்க இது? அதான் படிச்சுச் சொல்லியாச்சே.”

“பத்திரமா இருக்கட்டும். நமக்கப்புறம் எவனாச்சும் ஒழுங்காப் படிச்சுக்குவான்.”

“அப்ப நீங்க படிச்சது?”

“நானாக் கட்டுனது. வாழ்நாளெல்லாம் எழுதுன கவிதை ஒண்ணுகூட அச்சுல ஏறல. இதாவது தேர் ஏறுச்சு.”

சபுரா அவரையே பார்த்தாள். “நெசமாவே பரிவட்டம் யாருக்குன்னுதான் போட்டிருந்துது?”

குத்தூஸ் அலமாரியைச் சாத்தினார்.

“குதிரை வித்தவரு ஒரு ராவுத்தர். நமக்குத்தான்.”