தம்பி வீட்டிலிருந்து பார்த்தால்

இப்போதெல்லாம் கைப்பேசி வரைபடம், பார்க்கிறவர் நிற்கும் இடத்தை நடுவாக வைத்தே விரிகிறது. காலடியில் இருப்பது சரியான அளவில் தெரியும். தள்ளிப் போகப் போக வீங்கும்.

அதனால்தான் கோலப்பனும் அவர் தம்பி குற்றாலிங்கமும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. பாகப்பிரிவினையில் மற்றவனுக்கு நிலம் அதிகம் போய்விட்டதென்று இருவருமே மனு கொடுத்திருந்தார்கள்.

சர்வேயர் செண்பகவல்லி சங்கிலி போட்டு அளந்தார். இரண்டு பங்கும் ஒன்றரை ஏக்கர். ஒரு சென்ட் பிசகில்லை.

"சங்கிலி கெடக்கட்டும்மா. படத்துல பாருங்க, அவன் பங்கு எம்புட்டுப் பெருசு" என்றார் கோலப்பன்.

"உங்க வீட்ல நின்னு பாத்தா அப்படித்தான். தம்பி வீட்ல போய் நின்னு பாருங்க, உங்களுது பெருசாத் தெரியும்."

"அவன் வீட்டுக்கு நான் போவனா?"

அடுத்த மாதம் செண்பகவல்லி எல்லைக்கல் நட வந்தபோது, கோலப்பன் தம்பி வீட்டு முற்றத்தில் காபி குடித்தபடி, கைப்பேசியில் பெருத்துக் கிடந்த தன் நிலத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி எங்க?"

"எங்க வீட்ல. அவன் நெலத்தப் பாக்கப் போயிருக்கான்."

"அப்ப, இன்னும் பேச்சு இல்லையா?"

"பேசாம எப்படிம்மா? யாரு எப்ப எங்க வரணும்னு முடிவு பண்ண வேண்டாமா?"